ஒளிச்சுச் சார்ஜ் போடுகிற நாங்கள்

போன செமஸ்டர் பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது. இரவு ரெண்டு மணி தாண்டியிருக்கும். ஹொஸ்டல் அறையில் நாங்கள் நாலு பேர். ஒருத்தி மன்னார், ஒருத்தி ஹற்றன், ஒருத்தி மட்டக்களப்பு, மற்றவள் முல்லைத்தீவு. முதலில் கேட்டது சத்தம். பிரஷர் குக்கர் விசில் அடிக்க முதல் மெல்லிசாக ஆவி விடுமே, அப்படி ஒரு 'ஸ்ஸ்ஸ்'. "ஏய், பாம்புடி!" என்று ஹற்றன்காரி கட்டிலில் ஏறி நின்றுவிட்டாள்.

பாம்பில்லை. மன்னார்காரியின் தலையணைக்குக் கீழே இருந்து புகை வந்துகொண்டிருந்தது. பவர் பாங்கில் போனைக் கொழுவி, ரெண்டையும் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தவள் அவள். ஒரு நிமிசத்துக்கு முதல்தான் பாத்ரூமுக்கு எழும்பிப் போயிருந்தாள். அந்த ஒரு நிமிசத்தைப் பற்றி நாங்கள் இன்னும் எங்களுக்குள் கதைப்பதில்லை.

தலையணை கருகி, பெட்ஷீற் பற்றத் தொடங்கியது. உடுப்பு ஊறவைத்த வாளி பக்கத்தில் இருந்தது. அந்தச் சோப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினோம். பிறகு பாத்ரூம் வாளியில் இன்னும் ரெண்டு தரம். நெருப்பு அடங்கியது. மெத்தையில் ஒரு ரொட்டி அளவுக்கு ஓட்டை. நெயில் பொலிஷும் எரிந்த பிளாஸ்ரிக்கும் கலந்த மாதிரி ஒரு இனிப்பு மணம். எல்லாருக்கும் இருமல்.

இதுவரை நடந்தது விபத்து. அதுக்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் எழுத வந்திருக்கிறோம். கதவைச் சாத்தினோம். கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியில் துவாயைச் சுருட்டி அடைத்தோம். புகை கொரிடோருக்குப் போய் மேட்ரன் எழும்பிவிடக்கூடாது என்று! ஜன்னலைத் திறந்துவிட்டு, இருந்த பவுடர், பெர்ஃபியூம் எல்லாம் அடித்துவிட்டு, விடியும்வரை அந்தப் புகைக்குள்ளேயே இருந்தோம். காலையில் மெத்தையைப் புரட்டிப் போட்டோம். ஓட்டை கீழ்ப்பக்கம் போய்விட்டது.

நெருப்புக்குப் பயந்ததைவிட மேட்ரனுக்குப் பயந்திருக்கிறோம். ஏன் அப்படி? "பிள்ளையள் கவனமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். கவனமில்லைதான், அதுக்கும் பிறகு வருகிறோம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் இந்தக் கதை அடங்காது.

எங்களிடம் ஏன் இவ்வளவு பற்றரி?

ஒரு நாள் அறையில் இருந்து எண்ணிப் பார்த்தோம். போன் நாலு. அதில்லாமல் ஒருத்தியின் அம்மாவின் பழைய போன் ஒன்று. லப்டொப் மூன்று. பவர் பாங்க் நாலு. இயர்பட்ஸ் ரெண்டு சோடி. சார்ஜ் போடுகிற சின்ன ஃபான் ரெண்டு, டோர்ச் ஒன்று, மேசை லாம்ப் ஒன்று. இயர்பட்ஸ் கூட்டை விட்டுவிட்டாலும் பதினாறு சாமானில் லித்தியம் பற்றரி இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. சுவரில் பிளக் பொயிண்ட் ஒன்றே ஒன்று.

இது ஆடம்பரம் இல்லை. எங்கட வயதுக்காரருக்கு இது பழக்கம், அதுவும் பயத்தில் வந்த பழக்கம். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தது. நோட்ஸ் வட்ஸ்அப்பில் வந்தது. பிறகு 2022. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். ஏ/எல் படித்துக்கொண்டிருந்த நாங்கள் மெழுகுதிரியோடும் போன் வெளிச்சத்தோடும் இருந்தோம். 'சார்ஜ் இருக்கும்போதே போட்டு வை' என்பது எங்களுக்கு அப்போது ஒரு வாழ்க்கைப் பாடம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்து முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. சிரித்தோம். சிரித்துக்கொண்டே பவர் பாங்கை எடுத்துப் பார்த்தோம், எத்தனை புள்ளி எரியுது என்று.

ஆகவே, "எதுக்கு உங்களுக்கு இவ்வளவு சாமான்?" என்று கேட்கிற பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேணும். லெக்சர் ஸ்லைட், அசைன்மென்ட், வீட்டோடு கதைக்கிறது, பஸ் நேரம், பாங்க் காசு எல்லாம் இந்தப் பற்றரியில்தான் ஓடுது.

உள்ளுக்குள் என்ன இருக்கிறது?

நாங்கள் கலைப்பீடம். ஓ/எல் விஞ்ஞானத்தோடு பௌதிகத்துக்குக் கும்பிடு போட்ட ஆக்கள். அந்த இரவுக்குப் பிறகு, தொழில்நுட்பபீடத்தில் படிக்கிற ஒரு அண்ணாவைக் கன்டீனில் இருத்திவைத்துக் கேட்டோம். அவர் ஒரு பிளேன்டீக்கு விளங்கப்படுத்தினார்.

"பாய் சுருட்டி வைக்கிறது தெரியும்தானே? அப்பிடித்தான்," என்றார். மெல்லிய உலோகத் தகடு ரெண்டு. ஒன்றில் பூசியிருப்பது காரீயம், அதுதான் எங்கட போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கிற பென்சில் கரி. மற்றதில் கோபால்ற் போன்ற உலோகங்கள் சேர்ந்த ஒரு சேர்வை. ரெண்டும் தொட்டுக்கொள்ளக்கூடாது என்று நடுவில் ஒரு பிளாஸ்ரிக் தாள். எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, ஒரு திரவத்தில் ஊறவைத்து மூடியிருக்கிறார்கள். சார்ஜ் போடும்போது லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் போகிறது. பாவிக்கும்போது திரும்பி வருகிறது. அவ்வளவுதான். இதை 1991 இல் சொனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிபோட்ட ஜோன் குட்இனஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அக்கிரா யோஷினோ மூவருக்கும் 2019 இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது ரெண்டு விஷயம். ஒன்று, அந்தத் திரவம் பற்றக்கூடியது. மற்றது, நடுவில் இருக்கிற தாள் எங்கட தலைமயிரை விட மெல்லிசு. போன் கீழே விழுந்து நசிந்தால், செய்யும்போதே உள்ளே ஒரு தூசு மாட்டியிருந்தால், அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால், அந்தத் தாள் ஒரு இடத்தில் விட்டுப்போகும். ரெண்டு பக்கமும் தொடும். தொட்ட இடம் சூடாகும். அந்தச் சூடு பக்கத்தில் உள்ளதையும் சிதைக்கும். அது இன்னும் சூடாகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு வெளியிலிருந்து எதுவும் கொடுக்கத் தேவையில்லை, தானாகவே ஓடும். நாங்கள் கேட்ட 'ஸ்ஸ்ஸ்' உள்ளே சேர்ந்த வாயு வெளியேறிய சத்தம்.

"ட்ரிப் சுவிட்ச் விழும்தானே அண்ணா?" என்று முல்லைத்தீவுக்காரி கேட்டாள். எங்கட வீடுகளில் எல்லாருக்கும் இருக்கிற நம்பிக்கை அது. அவர் சிரித்தார். ட்ரிப் சுவிட்ச் சுவர் வயரில் வருகிற கரண்டைத்தான் பார்க்கும். பவர் பாங்குக்குள் இருக்கிற சக்தி ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. 20,000 மில்லி அம்பியர் மணி பவர் பாங்க் ஒன்று நிறைந்திருந்தால், ஒரு அயன்பொக்ஸை நாலு நிமிசம் சூடாக்கக்கூடிய சக்தி அதுக்குள் இருக்கும். எங்கட அறையில் பற்றியது சுவரோடு கொழுவியே இருக்கவில்லை.

இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. இரவு முழுக்கச் சார்ஜில் விட்டால் வெடிக்கும் என்று வீட்டில் சொல்வார்களே. நல்ல போன் நிறைந்ததும் தானாக நிற்பாட்டும். நிறைந்த பிறகும் கொழுவியிருக்கிறது மட்டும் பிரச்சினை இல்லை. சூடு வெளியேற வழியில்லாமல் தலையணைக்குக் கீழும் போர்வைக்குள்ளும் வைத்திருப்பது, உள்ளே அந்தக் காவல் சுற்றே இல்லாத மலிவுச் சாமானை நம்பி நித்திரை கொள்வது, இந்த ரெண்டும்தான் பிரச்சினை.

மலிவுச் சாமானை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. 2016 இல் சாம்சங் தன்ர கலக்ஸி நோட் 7 போன்கள் 25 இலட்சத்தைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. மாற்றிக் கொடுத்ததும் பற்ற, அந்த ஒக்ரோபரில் அந்த மொடலையே கைவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் அவர்களே பற்றரியில்தான் பிழை என்று அறிவித்தார்கள். 2025 ஜனவரி 28 இல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற எயார் புசான் விமானம் ஒன்று பற்றியது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்து போனது. மேலே பைகள் வைக்கிற தட்டில் இருந்த ஒரு பவர் பாங்க் காரணமாயிருக்கலாம் என்றது விசாரணை. கவனியுங்கோ: பவர் பாங்கைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்ப விடமாட்டார்கள். கையில்தான் கொண்டுபோக வேணும். பற்றினால் ஆக்களின் கண்ணில் படவேணும் என்பதுதான் அதன் நியாயம். இந்த நியாயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கோ, எங்கட ஹொஸ்டலுக்கு வரும்போது தேவைப்படும்.

ஆயிரத்து நானூறு ரூபாய்

மன்னார்காரி அந்தப் பவர் பாங்கை டவுன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கினாள். அதே கடையில் நல்லது ஏழாயிரத்துக்கு மேல். அவளுக்கு மகாபொல காசு அந்த மாதம் பிந்திவிட்டது.

"அண்ணை, இது ஒறிஜினலோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"தங்கச்சி, ஒறிஜினலும் இருக்கு, ஒறிஜினல் மாதிரியும் இருக்கு. உங்கட காசுக்கு எது வேணும்?"

மனிசன் பொய் சொல்லவில்லை என்பதைத்தான் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறோம். நல்லது எது என்று தெரியாமல் நாங்கள் மலிவை வாங்குவதில்லை. காசில்லாமல் வாங்குகிறோம். "தரமானதை வாங்குங்கள்" என்று சொல்கிற எந்த அறிவுரையும் இந்த 5,600 ரூபாய் வித்தியாசத்தை யார் கட்டுவது என்று சொல்வதில்லை.

என்றாலும், மலிவுக்குள்ளும் சுத்தப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம். அதுக்குப் பௌதிகம் தேவையில்லை, கழித்தல் பெருக்கல் போதும். டோர்ச், சின்ன ஃபான் எல்லாவற்றிலும் வருகிற உருண்டைப் பற்றரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த அளவுக்குள் உலகத்திலேயே நல்ல கம்பனிகள் அடைக்கக்கூடியது ஏறக்குறைய 3,500 மில்லி அம்பியர் மணிதான். கடையில் அதே அளவுப் பற்றரியில் 9,900 என்று எழுதியிருக்கும். எழுதினவன் பொய்யன் என்று அங்கேயே தெரிந்துவிடும். வெளியே எழுதினதில் பொய் சொல்கிறவன் உள்ளே காவல் சுற்று வைத்திருப்பான் என்று எப்படி நம்புறது?

பவர் பாங்குக்கு ஒரு தராசு போதும். 20,000 என்று எழுதினது 300 கிராமை விட நல்லாகக் குறைவாக இருந்தால், அதுக்குள் அவ்வளவு பற்றரி இல்லை. பாரம் சரியாக இருந்தால் நல்லது என்றும் சொல்ல ஏலாது. பாரத்துக்கு மண் நிரப்பின பவர் பாங்குகளும் உலகத்தில் பிடிபட்டிருக்கின்றன. பாரம் குறைந்தது நிச்சயம் பொய், சரியாக இருப்பது இன்னும் விசாரிக்க வேண்டியது. நாங்கள் மிச்சம் மூன்றையும் கன்டீனுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்று 160 கிராம். கடை ஐயா "என்ன பிள்ளையள், விக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

சொல்லப் போனோம், நோட்டீஸ் வந்தது

பரீட்சை முடிந்து மூன்று கிழமை. பக்கத்து அறையில் ஒரு பிள்ளையின் போன் பின்பக்கம் ஊதி, மூடி கிளம்பி நின்றது. அவள் அதை ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டிப் பாவித்துக்கொண்டிருந்தாள்! ஊதுவது என்றால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு மனம் கேட்கவில்லை. நாங்கள் ஒளித்ததால்தானே இவளுக்குத் தெரியாமல் போனது. "சொல்லிருவம் புள்ள, என்ன நடந்தாலும் நடக்கட்டும்" என்று முதலில் சொன்னது மட்டக்களப்புக்காரி. நாலு பேரும் சப் வோர்டனிடம் போய் நடந்ததைச் சொன்னோம்.

அவர் நல்லவர். ஏசவில்லை. "உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். அழுதுவிடுவோம் போல இருந்தது. ஆனால் அடுத்த கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: பவர் பாங்க், மல்டி பிளக், சார்ஜ் போடும் ஃபான், ஹீட்டர், குக்கர் அனைத்தும் முற்றாகத் தடை. சோதனையில் பிடிபட்டால் பறிமுதல், தண்டப்பணம்.

இப்போது ஹொஸ்டலில் பவர் பாங்க் இல்லையா? எல்லாரிடமும் இருக்கிறது. முன்னர் மேசையில் இருந்தது, இப்போது அலுமாரிக்குள், உடுப்புக்கு நடுவில், பூட்டின சூட்கேசுக்குள் இருக்கிறது. சார்ஜ் போடுவது மேட்ரன் படுத்த பிறகு, கட்டிலுக்குக் கீழே, பெட்ஷீற்றால் மறைத்து. விமானத்தில் 'கண்ணில் படுகிற இடத்தில் வை' என்கிறார்கள். இங்கே கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரிகள் எங்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "உங்களாலதான் எல்லாம்" என்கிறார்கள். இனி யாருக்கும் தலையணை பற்றினால், அவர்கள் சொல்லப்போவதில்லை. துவாயை எடுத்துக் கதவுக்குக் கீழே அடைக்கப் போகிறார்கள்.

நிர்வாகத்தின் பக்கத்தில் நியாயம் இல்லையா? இருக்கிறது. கட்டடம் பழையது. ரியூப் லைற்றுக்கும் ஃபானுக்கும் போட்ட வயரிங். அதில் தண்ணி சுடவைக்கிற ஹீட்டரைக் கொழுவினால் 1,500, 2,000 வாற் இழுக்கும். ஒரு பிளக்கில் மல்டி பிளக், அந்த மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக் என்று மாலை கோர்க்கிற எங்கட ஆக்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அது உண்மையிலேயே வயரைச் சூடாக்கி எரிக்கும். அதைத் தடை செய்யட்டும், கை தட்டுகிறோம்.

ஆனால் ஹீட்டரையும் போன் சார்ஜரையும் ஒரே வரியில் எழுதினது பிழை. கணக்குப் போடுங்கோ. போன் சார்ஜர் ஒன்று 20 வாற் என்று வைத்தால் நாலும் 80. லப்டொப் 65 வாற் என்று நாலு வைத்தால் 260. எல்லாம் ஒரே நேரத்தில் கொழுவினாலும் 340. ஒரு அயன்பொக்ஸ் தனிய 1,000. ஹீட்டரின் ஆபத்து சுவர் வயரில். பற்றரியின் ஆபத்து அது இருக்கிற இடத்தில். ரெண்டும் வேறு வேறு வருத்தம். ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று மாறும், மற்றது முற்றும்.

நாங்கள் கேட்பது

பெரிதாக ஒன்றும் இல்லை. ஹொஸ்டலின் கீழ்மாடிப் பொது அறையில் ஒரு மூலை. ரைல்ஸ் நிலம், பக்கத்தில் திரைச்சீலை, பேப்பர் இல்லாத இடம். ஒழுங்காக எலக்ரீசியன் போட்ட 13 அம்பியர் பிளக் பொயிண்டுகள். அதில் எல்லாரும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் சார்ஜ் போடலாம். களவு போகும் என்று பயமா? பூட்டுப் போட்ட சின்னப் பெட்டித் தட்டுகள் செய்யலாம், காற்றோட்டம் விட்டு. பக்கத்தில் ரெண்டு வாளி தண்ணீரும் ஒரு மண் வாளியும்.

ரெண்டாவது, "என்னுடையது ஊதிப்போச்சு", "எங்கட அறையில் புகை வந்தது" என்று வந்து சொல்கிற பிள்ளைக்குத் தண்டப்பணம் இல்லை என்று அதே நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட வேணும். சொல்கிறவளைத் தண்டித்தால் அடுத்தவள் சொல்ல மாட்டாள். இதுக்கு ஆராய்ச்சி தேவையில்லை, எங்கட கொரிடோரைப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது, செத்த பற்றரியைப் போட ஒரு இடம். இப்போது அது குப்பை வாளிக்குள் போகிறது. அங்கிருந்து பின்வளவில் இலை தழையோடு எரிக்கிற குவியலுக்குள். எரிக்கிறவர் துப்புரவு வேலை செய்கிற அம்மா. எங்கட பிழைக்கு அவவின் முகம் பொறுப்பா? மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற இ-கழிவு சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். செமஸ்டருக்கு ஒருக்கால் கொடுத்துவிடலாம்.

எங்கட பக்கம்

கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மனமில்லை. அறைக்குள் நாலு பேரும் சேர்ந்து சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். படுக்கையில் சார்ஜ் இல்லை. தலையணை, போர்வை, மெத்தை எதுவும் இல்லை. மேசையில் புத்தகத்தைத் தள்ளிவிட்டு ஒரு பழைய சீமெந்து ரைல் துண்டு வைத்திருக்கிறோம், சார்ஜ் அதன் மேலே மட்டும். யாராவது ஒருத்தி முழித்திருக்கும்போது மட்டும். கை வைத்தால் சுடுகிற அளவுக்குப் போனால் கழற்றி விடுவது. 160 கிராம் பவர் பாங்கை யாருக்கும் விற்கவில்லை, கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் அவள் தலையணைக்குக் கீழே போகும்.

ஊதின பற்றரியை அமத்துவது, குத்திக் காற்றை எடுப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டாம். சார்ஜ் போடாமல் அணைத்துவிட்டு, ஒரு மண்சட்டியில் காய்ந்த மணல் போட்டு அதுக்குள் வைத்து, அறைக்கு வெளியே பற்றக்கூடிய சாமான் இல்லாத இடத்தில் வையுங்கோ. தண்ணிக்குள் விழுந்த போனை அரிசிக்குள் போட்டு எடுத்து உடனே சார்ஜில் கொழுவுவதும் வேண்டாம். அரிசி ஒன்றும் செய்யாது.

பற்றிவிட்டால்? சுவரில் கொழுவியிருந்தால் முதலில் சுவிட்சை நிற்பாட்டுங்கோ. கையால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், அது இன்னொரு தரம் சீறும். போன், பவர் பாங்க் அளவுச் சாமானுக்குத் தண்ணீர் நல்லது, நிறைய ஊற்ற வேணும். சுவாலை போன பிறகும் ஊற்ற வேணும், ஏனென்றால் சூடு ஆறாவிட்டால் திரும்பப் பற்றும். ஒரு வாளியில் அடங்காது என்று தெரிந்தால் எல்லாரையும் எழுப்பி வெளியே போங்கோ, கதவைச் சாத்திவிட்டு. நாங்கள் செய்த மாதிரி உள்ளே இருந்து அல்ல, வெளியே நின்று. அந்தப் புகை சும்மா புகை இல்லை, நுரையீரலை அரிக்கிற ஹைட்ரஜன் புளோரைட் போன்ற வாயுக்கள் அதில் வரும். தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. சுட்டுவிட்டால் இருபது நிமிசம் ஓடுகிற பைப் தண்ணீரில் பிடியுங்கோ. பற்பசை, பட்டர் பூச வேண்டாம்.

இதையெல்லாம் அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரியன்டேஷன் கிழமையில் மூன்று மணித்தியாலம் ஒழுக்க விதிகள் வாசித்தார்கள். அதில் பத்து நிமிசம் இதுக்குத் தந்திருக்கலாம்.

அந்த மெத்தை இன்னும் எங்கட அறையில்தான் இருக்கிறது. புரட்டிப் போட்டபடி. அடுத்த வருசம் நாங்கள் இந்த அறையை விட்டுப் போய்விடுவோம். ஒரு புதுப் பிள்ளை வருவாள். என்றைக்காவது பெட்ஷீற் மாற்றும்போது அந்த ஓட்டையைக் காண்பாள். "இது என்ன அக்கா?" என்று அவள் கேட்டால் பதில் சொல்ல அந்த ஹொஸ்டலில் யாராவது இருக்க வேணும், பயமில்லாமல். அதுக்குத்தான் ஒளிக்காமல் இதை எழுதி வைக்கிறோம்.

வாசிக்கிற நீங்கள் இப்போது படுக்கையில்தான் இருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். போன் சார்ஜில் இருந்தால், எழும்பிப் போய் மேசையில் வைத்துவிட்டு வந்து படுங்கோ.